நாற்பத்தெட்டு நாள் மாத்திரை

எங்கள் கோயிலில் விரதம் இருக்கும் பெண்களிடம் இதை நேரில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு, பார்வதிக்கு வெட்கமே இல்லை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். வெட்கப்பட்டுத்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பதினோரு நாள் கிடந்தேன்.

எனக்கு நாற்பத்தொரு வயது. யாங்கூனில், லத்தா பேட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் சேகர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். நான் வீட்டிலேயே பர்மியப் பெண்கள் போடும் சட்டைகள் தைக்கிறேன். எனக்குத் துணையாகத் தைப்பவள் கலா. என் கொழுந்தன் குமாரின் மனைவி. அவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவில் என் மாமியாரோடு இருக்கிறார்கள். கலா தினமும் காலையில் ஃபெர்ரியில் வந்து மாலையில் திரும்புவாள். முப்பத்திரண்டு வயது. கல்யாணமாகி ஆறு வருடம். குழந்தை இல்லை.

போன திருவிழாவில் நான் பால்குடம் எடுத்தேன். கிரேனிலிருந்து வீட்டுக்காரர் தவறி விழுந்து எலும்பு முறியாமல் பிழைத்ததற்காக வேண்டிக்கொண்டது. கலா பூக்குழி இறங்கினாள். எதற்காக என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேருக்கும் நாற்பத்தெட்டு நாள் விரதம்.

நாற்பத்தெட்டு நாளில் எந்தப் பெண்ணுக்கும் ஒரு தடவையாவது வீட்டுக்குத் தூரம் வந்துவிடும். வந்தால் விரதம் உடைந்தது, மறுபடி முதலிலிருந்து. ஆகவே எங்கள் பெண்கள் மாத்திரை போட்டுத் தள்ளிவைப்பார்கள். எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள். கேட்டால் கோயில் மாத்திரை என்போம். மருந்துக்கடையில் அதற்குத் தார்ஸே என்று பெயர். பர்மிய மொழியில் தடுக்கும் மருந்து. அதாவது சாதாரணக் கர்ப்பத்தடை மாத்திரைதான். ஓர் அட்டையில் இருபத்தொரு வெள்ளை மாத்திரை, ஏழு பழுப்பு மாத்திரை. பழுப்பில் இரும்புச்சத்து மட்டும்தான் இருக்கிறது. அதைச் சாப்பிடும் நாட்களில்தான் உதிரம் வரும். பழுப்பை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த அட்டையின் வெள்ளையைத் தொடங்கினால் வராது. கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். தேங்காய் வாங்குவதுபோல வாங்கி வரலாம்.

என் விஷயத்தில் சிக்கல் இல்லை. கலாவின் விஷயத்தில் இருந்தது. குழந்தை வேண்டும் என்று விரதம் இருப்பவளிடம் கர்ப்பத்தடை மாத்திரையை எப்படி நீட்டுவது? யாரையும் கேட்கவில்லை, நானே தீர்மானித்தேன். எதையும் நானே பார்த்துக்கொள்வேன் என்கிற திமிர் எனக்கு எப்போதும் உண்டு. அட்டையிலிருந்து வெள்ளை மாத்திரைகளைப் பிதுக்கி எடுத்து, நாற்பத்தெட்டு எண்ணி, தாளில் மடித்துக் கொடுத்தேன்.

"வயித்துக்குத் தெம்பு மாத்திரை. தீட்டும் தள்ளிப்போகும். தினம் ஒண்ணு போடு" என்றேன்.

கலா வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

முதல் பத்து நாள் எனக்குக் காலையில் குமட்டியது. மார்பு கனத்து வலித்தது. பட்டினி கிடப்பதால் என்று நினைத்தேன். கலாவுக்குத் தலைவலி வந்தது. அது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. முதலில் கண் ஓரத்தில் ரம்பத்தின் பல்போல ஒரு வெளிச்சம் நெளியுமாம். அரை மணி கழித்து ஒரு பக்கத் தலை மட்டும் இடிக்கும். எப்போதாவது வருவது அந்த விரதத்தில் வாரத்துக்கு ஒரு தடவை வந்தது. ஒரு நாள் தைத்துக்கொண்டிருந்தவளின் விரலில் ஊசி இறங்கிவிட்டது. நான் அலறினேன். அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்கவே இல்லக்கா. கை மரத்துப்போய் இருக்கு" என்றாள்.

"விரதச் சூடு. மோர் குடி" என்று வைத்தியம் சொன்னேன். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

திருவிழா நல்லபடியாக முடிந்தது. நான்காம் நாள் என் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வெறுங்காலோடு வெயிலில் நடந்ததால் என்று எல்லாரும் சொன்னார்கள். வீட்டுக்காரர் தைலம் போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டார். பாவம், நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். இப்படி வீங்கும் காலைத் தேய்க்கவே கூடாது என்று பிறகு தெரிந்தது. கால் நாளுக்கு நாள் வீங்கியது. தொட்டால் சுட்டது. மற்றக் காலோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் இரண்டு வெவ்வேறு ஆட்களின் கால்போல இருந்தது.

பத்தாம் நாள் காலையில் சந்தையிலிருந்து வந்தவள் இரண்டாம் மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு விட்டால் வலது விலாவில் குத்தியது. மூச்சு போதவில்லை. அந்த மாடியில் இருக்கும் பர்மியக்காரர் கோ ஸாவ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்தார். அவரும் என் வீட்டுக்காரருமாக என்னை அதில் உட்கார வைத்து அப்படியே கீழே இறக்கினார்கள். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. திருவிழாவில்கூட என்னை யாரும் அப்படித் தூக்கிக்கொண்டு போகவில்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் காலுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் வைத்துப் பார்ப்பார்களே, அதே கருவிதான். பசையைத் தடவி, இடுப்பு மடிப்பிலிருந்து கணுக்கால் வரை அழுத்தி அழுத்திப் பார்த்தாள் அந்தப் பெண். நல்ல ரத்தக்குழாய் அழுத்தினால் தட்டையாகிவிடும். என்னுடையது ஓரிடத்தில் தட்டையாகவில்லை. உள்ளே ரத்தம் உறைந்து கட்டியாகிவிட்டிருந்தது. அடுத்து நெஞ்சுக்கு சிடி ஸ்கேன். பணம் கட்டினால்தான் எடுப்பார்கள். வீட்டுக்காரர் கவுன்டருக்கு ஓடினார். திரும்பி வந்தபோது கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் உறுமி எழும்வரை இருட்டு வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் கை பிடித்துக்கொண்டு நின்று எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

டாக்டர் ஒரு பர்மிய அம்மா. ஸயாமா என்று கூப்பிட்டோம். டீச்சரையும் பெண் டாக்டரையும் இங்கே அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவோம். பேசியதெல்லாம் பர்மிய மொழியில், தமிழில் எழுதுகிறேன்.

"காலில் உறைந்த ரத்தத்திலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கிறது. சின்னதுதான். பெரியதாக இருந்திருந்தால் படியிலேயே முடிந்திருக்கும்" என்றார். மிரட்டும் குரலில் அல்ல, மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். மேலும் உறையாமல் இருக்க வயிற்றுத் தோலில் காலையும் மாலையும் ஊசி. அதற்குப் பிறகு பல மாதங்களுக்கு மாத்திரை. ஏற்கெனவே உறைந்ததை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளுமாம்.

பிறகு கேள்விகள். சிகரெட் உண்டா? இல்லை. சமீபத்தில் ஆபரேஷன்? இல்லை. குடும்பத்தில் யாருக்காவது இப்படி? இல்லை. வேறு ஏதாவது மருந்து, தார்ஸே சாப்பிடுகிறீர்களா?

கட்டிலைச் சுற்றி வீட்டுக்காரர், மாமியார், கலா. மூவரும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் ஆமாம் என்று சொன்னால் அடுத்த நிமிடம் கலாவுக்குத் தெரிந்துவிடும். குழந்தை வரம் கேட்டுத் தீயில் நடந்தவளுக்கு, நாற்பத்தெட்டு நாளும் நான் ஊட்டியது என்ன என்று தெரிந்துவிடும்.

"இல்லை" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையால் நடந்ததைச் சொல்கிறேன். காரணம் தெரியாமல் ரத்தம் உறைந்தால் டாக்டர்கள் காரணத்தைத் தேடுவார்கள். உடம்பில் எங்காவது புற்று ஒளிந்திருக்கலாம் என்று வயிற்றுக்கு ஸ்கேன், மார்புக்குச் சோதனை, நாலைந்து குழாயில் ரத்தம். காரணம் கிடைக்காவிட்டால் ஆயுள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டியிருக்கலாம் என்றும் ஸயாமா வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். புற்று என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அவர் சாப்பிடவில்லை. எனக்குத் தயிர்சாதம் பிசைந்து கொடுத்துவிட்டு, தான் வெளியே சாப்பிட்டுவிட்டதாகச் சொல்வார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். பதினாறு வயது மகள் திடீரென்று எனக்குத் தலை பின்னிவிட ஆரம்பித்தாள். பின்னிக்கொண்டே என் பின்னால் மூக்கை உறிஞ்சுவாள்.

ஐந்தாம் நாள் என்னால் முடியவில்லை. காலையில் ஸயாமா தனியாக வந்தபோது, "நான் ஒரு பொய் சொன்னேன்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பழுப்பு மாத்திரையைத் தூக்கிப் போட்டதுவரை.

அவர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அது கெட்ட மருந்து இல்லை. கர்ப்பம் தவிர்க்க மட்டுமல்ல, அதிக உதிரப்போக்குக்கும், தாங்க முடியாத மாதவலிக்கும், முகப்பருவுக்கும்கூட நாங்களே எழுதிக்கொடுக்கிறோம். நாள் தள்ளிவைக்கவும் கொடுப்போம். கோடிக்கணக்கான பெண்கள் ஒரு தொந்தரவும் இல்லாமல் சாப்பிடுகிறார்கள். குமட்டல், மார்பு வலி, லேசான தலைவலி, நடுவில் திட்டுத் திட்டாக உதிரம், இதெல்லாம் வந்தாலும் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் போய்விடும். ஆனால் அதில் இருக்கும் ஈஸ்ட்ரோஜென் ரத்தத்தைக் கொஞ்சம் சீக்கிரம் உறைய வைக்கும். அபூர்வமாகத்தான் இப்படி ஆகும். ஆனால் ஆரம்ப மாதங்களில்தான் அதிகம் ஆகும். வயது ஏற ஏற ஆபத்து கூடும். நீ நாள் முழுக்க உட்கார்ந்தே தைக்கிறாய். கொடுப்பதற்கு முன்னால் பிரஷர் பார்க்க வேண்டும், நாலு கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்விகளைத்தான் உன்னிடம் யாரும் கேட்கவில்லை."

இனி என் வாழ்நாளில் அந்த வகை மாத்திரையைத் தொடக் கூடாது என்றார். புற்றைத் தேட வேண்டியதில்லை என்றும், மருந்து சில மாதங்களில் நின்றுவிடலாம் என்றும் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

எழுந்து போகும்போது கேட்டார்: "வேறு யார் சாப்பிட்டார்கள்?"

கலாவைச் சொன்னேன். "அவளுக்கு ஏதாவது தொந்தரவு?" "தலைவலி மட்டும்தான்" என்றேன். எப்படிப்பட்ட தலைவலி என்றார். ரம்பப் பல் வெளிச்சத்தைச் சொன்னேன், ஊசி ஏறிய விரலையும் சொன்னேன். ஸயாமாவின் முகம் மாறியது. எனக்குச் சொல்லும்போதுகூட அந்த முகம் அப்படி மாறவில்லை.

"வெளிச்சம் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு இந்த மாத்திரையே கூடாது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து, கை கால் விழுந்துவிடலாம். இப்போது நிறுத்திவிட்டாளா?"

"திருவிழாவோடு முடிந்துவிட்டது ஸயாமா" என்றேன். நாற்பத்தெட்டுதான் கொடுத்தேன் என்கிற தைரியம்.

"எதற்கும் வரச்சொல்."

அன்று மதியம் கலா சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். வராந்தா பெஞ்சில் அவளை உட்கார வைத்தேன். ஊசி போட்டு வயிறெல்லாம் நீலமாகக் கன்றியிருந்ததால் எனக்கு நேராக உட்காரவும் முடியவில்லை. எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

"கலா, அது தெம்பு மாத்திரை இல்லடி. தார்ஸே. உன்கிட்டப் பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் கூடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி நாலு வருஷம் தையல் ஃபேக்டரில இருந்தேன்ல? பாதிப் பொண்ணுங்க பையில அதான் இருக்கும். தாள்ல மடிச்சுக் குடுத்தா மாத்திரை மாறிடுமா?"

"தெரிஞ்சும் ஏண்டி சாப்பிட்ட?"

மெதுவாக, யாரையும் குறை சொல்லாத குரலில் சொன்னாள்.

"மாசாமாசம் அத்தை கேப்பாங்க. நின்னிருக்கா, வந்துடுச்சான்னு. வந்துடுச்சுன்னு சொன்னா அன்னிக்குப் பூரா வீட்ல யாரும் சத்தமாப் பேசமாட்டாங்க, எழவு விழுந்த மாதிரி. பக்கத்து வீட்டு டாவ் மியா, கொடியில துணி காயுறதப் பாத்தே கண்டுபிடிச்சுடுவாங்க. விரதம்னு சொன்னதும் நாப்பத்தெட்டு நாள் ஒருத்தரும் கேக்கல. நானும் நாள் எண்ணல. ஆறு வருஷத்துல அப்பத்தாங்க்கா நிம்மதியாத் தூங்கினேன்."

பிறகு கூடைக்குள் கையை விட்டு ஓர் அட்டையை எடுத்துக் காட்டினாள். திருவிழா முடிந்த மறுநாளே தானாக வாங்கியது. பாதி காலியாகியிருந்தது. விரதத்தை மேலும் நீட்டித்திருப்பதாக வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

அவளை இழுத்துக்கொண்டு ஸயாமாவின் அறைக்குப் போனேன். வீங்கிய காலோடு நான் நடந்த வேகத்தைப் பார்த்து நர்ஸ் கத்தினாள். ஸயாமா கலாவின் பிரஷரைப் பார்த்தார், கைகளை நீட்டச் சொன்னார், கண்ணுக்குள் விளக்கடித்தார். இப்போதைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இன்றே நிறுத்த வேண்டும், இன்னொரு மாத்திரைகூடக் கூடாது. கை மரத்தால், பேச்சுக் குழறினால் அந்த நிமிடமே ஓடிவர வேண்டும். தள்ளிவைக்கத்தான் வேண்டுமென்றால் ஈஸ்ட்ரோஜென் இல்லாத வேறு வழிகள் இருக்கின்றன, பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

கலா அட்டையைக் கையிலேயே வைத்திருந்தாள். "நிறுத்தினா வந்துடுமே ஸயாமா" என்றாள்.

"வரத்தான் செய்யும். உனக்குக் குழந்தை வேண்டாமா?"

"வேணும்."

"உன் வீட்டுக்காரரைச் சோதனை செய்தார்களா?"

கலா முதலில் புரியாமல் பார்த்தாள். "அவருக்கு எதுக்கு?" என்றாள். அவளுக்கு இதுவரை எத்தனை ஸ்கேன், எத்தனை ரத்தப் பரிசோதனை, எத்தனை வேப்பிலை, எத்தனை எலுமிச்சம்பழம் என்று எனக்குத் தெரியும். குமாரை யாரும் ஒரு சோதனைக்குக்கூடக் கூப்பிட்டதில்லை. நான் உட்பட. அந்தக் கேள்வி ஆறு வருடத்தில் என் புத்திக்கும் எட்டவில்லை.

கலா அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, "பாக்குறேன்க்கா" என்று சொல்லிவிட்டு ஃபெர்ரிக்குப் போனாள். நிறுத்துகிறேன் என்று சொல்லவில்லை. நான் ஆஸ்பத்திரியில் மீதியிருந்த நாட்களில் என் மூச்சைவிட அவள் கையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டேன். காலையும் மாலையும் போன் செய்து, "வலது கை எப்படி இருக்கு, வாயைத் திறந்து பேசு பாப்போம்" என்பேன். "நல்லாத்தாங்க்கா இருக்கு" என்பாள். மாத்திரையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவாள்.

வீட்டுக்காரரிடமும் உண்மையைச் சொன்னேன். "எனக்காக வேண்டினது. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் பார்வதி" என்றார். பிறகு எழுந்து போய் லபெட்யே, இந்த ஊர்ப் பால் டீ, வாங்கி வந்தார். இரண்டு கோப்பை. டீயில் தோய்த்துச் சாப்பிட எண்ணெயில் பொரித்த ஈச்சாக்குவேயும் இருந்தது. அன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டார்.

பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தேன். நான்கு மாடியை ஏற முக்கால் மணி நேரம். காலுக்கு இறுக்கமான நீண்ட காலுறை, தினம் மாத்திரை, ஒரு மணிக்கு ஒரு தடவை எழுந்து நடப்பது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து என்பதால் அந்த மாதம் எனக்கு உதிரம் கொட்டியது. அதையும் ஸயாமா முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

வந்த இரண்டாம் நாள் காலையில் கலா போன் செய்தாள். தையலுக்கு வரவில்லை.

"ஆஸ்பத்திரிலேருந்து போன அன்னிக்கே நிறுத்திட்டேன்க்கா. நாலு நாள்ல வந்துடுச்சு. இன்னும் யார்கிட்டயும் சொல்லல, மறைச்சு வச்சிருக்கேன். இன்னிக்கு அத்தை கேப்பாங்க போலிருக்கு. நீங்க வரீங்களா?"

மாடி இறங்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொன்னார். இறங்கினேன். அவரும் கூடவே வந்தார். ஃபெர்ரியில் எனக்கு உட்கார இடம் பிடித்து, எதிரே இன்னொரு நாற்காலி வாங்கி என் காலைத் தூக்கி வைத்தார். அக்கரையில் சாய்க்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா பிடித்தோம்.

வீட்டில் அத்தை முறத்தில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தார். குமார் வேலைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கலா எனக்கு நாற்காலி போட்டுவிட்டு சுவரோரமாக நின்றாள். என் காலை விசாரித்து முடித்ததும், அத்தை முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"என்னடி கலா, நீட்டின விரதமும் முடிஞ்சுது, தீயும் மிதிச்சாச்சு. நின்னிருக்கா?"

கலா என்னைப் பார்த்தாள். இருபது வருடமாக அத்தை பேச்சுக்கு நான் எதிர்ப்பேச்சுப் பேசியதில்லை.

"இல்ல அத்தை, வந்துடுச்சு. மாத்திரை குடுத்துத் தள்ளி வச்சது நான்தான். அதனால என் உசுரும் போகப் பாத்துச்சு, இவ கையும் விழப் பாத்துச்சு. இனிமே அந்தக் கேள்விய இவகிட்டக் கேக்காதீங்க. ஆறு வருஷமா இவளை மட்டுமே கேட்டாச்சு. உங்க மகன் இன்னும் ஒரு டெஸ்ட்கூட எடுக்கல."

முறம் நின்றது. "அவனுக்கு என்ன கேடு?" என்றார் அத்தை.

"அதத்தான் டாக்டரும் கேக்குறாங்க."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். குமார் சட்டைப் பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு நின்றார். அவர் கோபப்படுவார் என்று நினைத்து நான் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"என்னைக்குப் போகணும் அண்ணி?" என்றார். "என்னை யாரும் கூப்பிடவே இல்லயே. கூப்பிட்டா வந்திருப்பேன்."

கலா சமையற்கட்டுக்குள் போய்விட்டாள். அழும் சத்தம் கேட்டது. அத்தை எழுந்திருக்கப் பார்த்தார். "விடுங்க அத்தை, அழட்டும்" என்றேன். குமார்தான் உள்ளே போனார்.